தாய்ப் பத்திரம் இடது பக்கம்

பத்திரம் எழுதுவது என் தொழில். வேலூர் வட்டாரத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே, எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி தப்பாக விழுந்துவிட்டது. பிழைத்திருத்தல் பத்திரச் செலவு என் தலையில். கையெழுத்துப் போட பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்தவருக்குப் பஸ் காசும் என் தலையில். பத்து நாள் தூக்கம் கெட்டது தனிக் கணக்கு.

அந்த ஒரு வரிக்கு முழுக் காரணம் என் பழக்கம்தான். ஐந்தாறு விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து போட்டுக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ ஆல்ட்-டேப் தட்டித் தட்டி வேலை செய்வேன். கை வேகமாக ஓடுகிறது என்று அதில் ஒரு பெருமை வேறு. அந்தப் பத்திரத்துக்குப் பிறகுதான் 'மல்டிடாஸ்கிங்' என்று சொல்கிற வசதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு எது உதவியது, எது உயிரை எடுத்தது, அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிலம் அணைக்கட்டு பக்கம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மண். அண்ணன் தம்பி இரண்டு பேர். வடக்கே வண்டிப் பாதை, அதை ஒட்டி அண்ணன் பங்கு, அதற்குத் தெற்கே தம்பி பங்கு. ஆக அண்ணன் சொத்து விவரத்தை எழுதும் 'ஏ' ஷெட்யூலில் வடக்கு எல்லை வண்டிப் பாதை. தம்பியின் 'பி' ஷெட்யூலில் வடக்கு எல்லை அண்ணனுடைய 'ஏ' ஷெட்யூல் சொத்து. செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை எழுதத் தெரிந்த எவனுக்கும் இதில் குழப்பம் வராது. நான் தயாரித்த பத்திரத்தில் இரண்டிலுமே வடக்கே வண்டிப் பாதை. தம்பி உட்பிரிவுக்கு மனுப் போட்டு, அளக்க வந்தவர் பத்திரத்தைப் படித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் போனில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி நெலத்துக்கு வடக்க பாதைன்னா, என் நெலம் எங்க கீது சார்?"

தம்பிதான் சொல்லிக்கொடுத்து இப்படி எழுத வைத்தார் என்று அண்ணனுக்குச் சந்தேகம். ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பிற்பாடு அன்றைய வேலையை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், தப்பு விழுந்த இடம் பிடிபட்டது. பார்ட்டி சொல்லச் சொல்ல நான் குறித்துவைத்த கோப்பு ஒன்று, பத்திரத்தின் வரைவு ஒன்று. குறிப்பிலிருந்து 'பி' ஷெட்யூலின் வடக்கு எல்லையை எடுத்து வரைவில் ஒட்ட வேண்டும். ஆல்ட்-டேப் தட்டினேன். கன்ட்ரோல்-சி அழுத்தினேன். ஆனால் அந்த நொடியில் முன்னால் வந்து நின்றது குறிப்புக் கோப்பு இல்லை, பட்டா ஸ்கேன். அதில் எதுவும் தேர்வாகியிருக்கவில்லை. எதுவும் தேர்வாகாமல் கன்ட்ரோல்-சி அழுத்தினால் கணினி சத்தம் போடாது. முன்பு எடுத்ததை அப்படியே கையில் வைத்திருக்கும். வரைவுக்கு வந்து ஒட்டியபோது, ஐந்து நிமிடம் முன்பு 'ஏ' ஷெட்யூலுக்காக எடுத்த வண்டிப் பாதையே மறுபடியும் வந்து உட்கார்ந்தது. படித்துப் பார்க்கும்போது கண்ணும் தாண்டிவிட்டது. பத்து வருடம் பழகிய சொற்றொடர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதில் எனக்கு உறுத்தியது என்னவென்றால், காகிதத்தில் எழுதிய காலத்தில் இந்த மாதிரித் தப்பு எனக்கு வந்ததே இல்லை. 90-களில் நான் எழுதப் பழகிய கடையில் மேசை ஏற்பாடு ஒரே மாதிரிதான். இடது பக்கம் தாய்ப் பத்திரம், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரம், அதன் மேல் பாலாற்றுக் கூழாங்கல். படிக்கிற வரிக்கு அடியில் மரஸ்கேல். வலது பக்கம் எழுதுகிற தாள். கடைப் பெரியவர் மேசையைத் தாண்டிப் போகும்போது ஸ்கேல் நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இரண்டு காகிதமும் எந்நேரமும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பார்க்கிற பேச்சே இல்லை. கணினி வந்ததும் ஒரு காகிதத்தைக் கீழே தள்ளிவிட்டு இன்னொன்றை மேலே இழுக்கிற பழக்கத்துக்கு நானாகவே மாறிவிட்டேன்.

விண்டோஸ் சாவியையும் இடது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லேயே இது உண்டு. விரலடியில் இருந்தது எனக்குத்தான் தெரியவில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் புதுக் கணினி வாங்கினேன். அதில் விண்டோஸ் 11-இன் ஸ்னாப் லேஅவுட் இருந்தது. மேலே பெரிதாக்கும் பட்டன் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், அல்லது விண்டோஸ் சாவியோடு இசட் அழுத்தினால், கட்டம் கட்டமாகப் படம் வரும். எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்று காட்டினால் விண்டோ அங்கே உட்காரும். மீதிக் கட்டத்துக்கு யார் என்று மற்ற விண்டோக்களின் சின்னப் படங்களைக் காட்டிக் கேட்கும். நடுக்கோட்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும். ஜோடி சேர்த்தவை ஆல்ட்-டேப்பில் ஒரே குழுவாகவும் வரும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம். நடுவில் யாராவது வில்லங்கச் சான்று கேட்டு வந்து, வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாலும் தாய்ப் பத்திரமும் வரைவும் பிரியாமல் சேர்ந்தே திரும்பி வரும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த வசதிக்குத் திரை அகலம் வேண்டும். பழைய மானிட்டர் 1366-க்கு 768. பாதி என்றால் 683 பிக்சல். வரைவு அடங்கிவிடும், இணையதளம் எதையாவது அந்தப் பாதியில் திறந்தால் வலது ஓரம் வெட்டுப்படும், குறுக்கே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று பத்தியாகப் பிரிக்கிற கட்டத்தைச் சின்னத் திரையில் அது காட்டவே காட்டாது. 1920 அகலத்தில் 24 அங்குல மானிட்டர் வாங்கிய பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. புதுக் கணினிக்குப் பணம் இல்லாவிட்டால் முதலில் மானிட்டரை மாற்றுங்கள் என்பேன்.

யாரும் விளம்பரம் செய்யாத இரண்டு சின்னச் சமாச்சாரங்களால் இன்னும் அதிக லாபம். ஒன்று, மவுஸை இடது விண்டோ மேல் சும்மா வைத்துச் சக்கரத்தை உருட்டினால் போதும், சொடுக்கவே வேண்டாம், அது நகரும். எழுதுகிற கர்சர் வலது பக்கத்திலேயே நிற்கும். விண்டோஸ் 10 காலத்திலிருந்து இருக்கிறது. மரஸ்கேலை நகர்த்துகிற மாதிரியே கை பழகிவிட்டது. இன்னொன்று மொழி விஷயம். தமிழில் அடித்துக்கொண்டே இருந்து சர்வே எண் தேட உலாவிக்குப் போனால் அங்கும் தமிழே விழும். அழித்துவிட்டு மாற்றி அடித்துத் திரும்பினால் வரைவில் ஆங்கிலம் விழும். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த அக்கப்போர். அமைப்புகளில் விசைப்பலகைக்கான கூடுதல் அமைப்பில், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி உள்ளீட்டு முறை என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டதிலிருந்து வரைவு தமிழிலேயே இருக்கிறது, உலாவி ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

வண்டிப் பாதைத் தப்புக்கு நேர் மருந்து விண்டோஸ் சாவியோடு 'வி'. 2018-லிருந்து இருக்கிறது, முதல் தடவை அழுத்தும்போது இயக்கட்டுமா என்று கேட்கும். கடைசியாக நகலெடுத்த 25 சங்கதிகளை வரிசையாகக் காட்டும். இப்போது எல்லை, விஸ்தீரணம், சர்வே எண் மூன்றையும் நான் கன்ட்ரோல்-வி-யில் ஒட்டுவதே இல்லை. பட்டியலைத் திறந்து, கண்ணால் படித்து, அதன்பின் சொடுக்குகிறேன். இரண்டு நொடி கூடுதலாக ஆகும், ஆகட்டும். ஆனால் பார்ட்டிகளின் ஆதார் எண், பான் எண் எல்லாமும் அந்தப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் கடை மூடும்போது 'எல்லாவற்றையும் அழி' கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். கடைக் கணினியில் யார் யாரோ கை வைக்கிறார்கள்.

வேர்டில் 'வியூ சைட் பை சைட்' என்று ஒன்று உண்டு. பார்ட்டியிடம் கொடுத்து அவர் திருத்தி அனுப்பிய வரைவையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை உருட்டினால் மற்றதும் உருளும். நடுவில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் இரண்டும் முன்பின்னாக ஓடும். அந்த இடத்தில் சேர்ந்து உருளுவதை நிறுத்தி, கையால் சமன்படுத்தி, மறுபடி போட வேண்டும்.

என் கடையில் டைப் அடிக்கிற பாப்பா குடியாத்தத்திலிருந்து வருகிறது. தட்டச்சில் ஹையர் முடித்த பெண். அதற்கு என் ஸ்னாப் வித்தையெல்லாம் பழங்கதை. "சார், ஒரு பார்ட்டிக்கு ஒரு டெஸ்க்டாப்பு வெச்சுக்கினா இன்னா?" என்று ஒரு நாள் கேட்டது. கன்ட்ரோல், விண்டோஸ், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப் திறக்கும்; கன்ட்ரோல், விண்டோஸ், அம்புக்குறி அழுத்தினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். பெயரும் வைக்கலாம். இருக்கிற குழப்பம் போதாதா என்று முதலில் சத்தம் போட்டேன். ஒரு முகூர்த்த நாளில் நான்கு கிரயம் ஒன்றாக வந்து விழுந்தபோது பார்த்தேன். ஒரு பார்ட்டியின் பட்டா இன்னொரு பார்ட்டியின் வரைவுக்குப் பக்கத்தில் வர வழியே இல்லை, அவர்கள் வேறு வேறு அறையில் இருக்கிறார்கள். இப்போது நானும் அப்படித்தான். பாப்பாவிடம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிற மச்சானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "ரெண்டாவது மானிட்டர் வாங்கு மச்சான், எல்லா வியாதியும் தீந்துடும்" என்பது அவன் கட்சி. அவனுக்கு இடது திரையில் எக்செல், வலது திரையில் டேலி என்கிற கணக்கு மென்பொருள். 2020-ல் வந்த டேலி பிரைம் மட்டும் அவனைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து பாக்கி கேட்டால், பாதி வவுச்சரை விட்டு வெளியே வர வேண்டும், இல்லையென்றால் டேலியை இரண்டாம் தடவை திறக்க வேண்டும். இப்போது ஆல்ட்-ஜி அடித்து வேண்டிய அறிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வவுச்சர் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. திரையைக் கூறு போடுகிறவர்களைவிட, வேலை செய்கிறவன் எங்கே மாட்டிக்கொள்கிறான் என்று பார்த்துச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்கிறான். அது சரிதான். ஆனால் எட்டுக்குப் பத்து கடையில் இரண்டாவது மானிட்டரை வைத்தால் பார்ட்டியை எங்கே உட்கார வைப்பது?

ஐபேட் கதை வேறு. மகள் வாங்கிக் கொடுத்தது, சாதாரண மாடல். வயதானவர்கள் வீட்டுக்கே போய் விவரம் எடுக்க வேண்டியிருந்தால் எடுத்துக்கொண்டு போவேன். மேலே இருந்த மூன்று புள்ளியைத் தொட்டு, ஸ்பிளிட் வியூவில் இடது பக்கம் பத்திரத்தின் படம், வலது பக்கம் குறிப்பு. ஓரத்தில் ஸ்லைட் ஓவராகக் கால்குலேட்டர். (ஐபேடுக்குக் கால்குலேட்டரே 2024-ல்தான் வந்தது. 2010-லிருந்து அதுவரை இல்லாமலே விற்றார்கள்.) சதுர அடியை 435.6-ஆல் வகுத்து சென்ட் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குச் சதுர அடி ஏறாது. விரலால் ஓரத்திலிருந்து இழுத்தால் கால்குலேட்டர் வரும், தள்ளினால் ஒளிந்துகொள்ளும். மடியில் வைத்துப் பார்க்க இதைவிடச் சௌகரியம் கிடையாது.

2025 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 26 வந்தது. அப்டேட் முடிந்ததும் ஏதோ கேட்டது, எதையோ தொட்டுத் தாண்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொசப்பேட்டையில் ஒரு வீடு. தான செட்டில்மென்ட், அம்மா மகளுக்கு எழுதி வைக்கிறார். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். பத்திரப் படத்தைத் திறந்தேன். மூன்று புள்ளியைக் காணோம். வலது கீழ் மூலையில் கை பட்டு விண்டோ சுருங்கி நடுவில் மிதந்தது. குறிப்பைத் திறந்தால் அது பத்திரத்தின் மேல் பாதி மூடி நிற்கிறது. இடது மேல் மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்கள். பதற்றத்தில் சிவப்பைத் தொட்டேன், பத்திரம் போயே போச்சு. "பரவால்ல, நீங்க பேப்பர்ல எழுதிக்கோங்க" என்று அந்த அம்மாவே பரிவோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பொறுமையாகப் பார்த்ததில் புரிந்தது. ஸ்பிளிட் வியூவையும் ஸ்லைட் ஓவரையும் எடுத்துவிட்டு, கணினி மாதிரி மிதக்கும் விண்டோக்களை வைத்திருக்கிறார்கள். 2022-ல் இதே மாதிரி ஸ்டேஜ் மேனேஜர் என்று ஒரு வசதி வந்தபோது அது என்னுடையது போன்ற சாதாரண ஐபேடுக்குக் கிடைக்கவில்லை என்று பலருக்குக் கோபம். இந்தத் தடவை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இப்போதும் முடியும்: விண்டோவின் மேல் விளிம்பைப் பிடித்து இடது ஓரத்துக்குச் சுண்டினால் பாதித் திரையில் உட்காரும், மற்றதை வலது ஓரத்துக்குச் சுண்ட வேண்டும். பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் அமைப்புப் படங்கள் வரும். இவ்வளவு வேண்டாம் என்பவர்கள் அமைப்புகளில் மல்டிடாஸ்கிங் பகுதிக்குப் போய், முழுத் திரைச் செயலிகள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய ஐபேட் மாதிரி ஒன்றே ஒன்று தெரியும். ஸ்லைட் ஓவர் இல்லாமல் தவித்தவன் நான் ஒருவன் இல்லை போலிருக்கிறது. 26.1 பதிப்பிலேயே அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே ஒரு விண்டோதான் ஒளிய முடியும். எனக்குக் கால்குலேட்டர் ஒன்று போதும்.

என் தங்கை மகன் விஐடியில் படிக்கிறான். அவனுக்கு இந்த மாற்றம் கொண்டாட்டம். "இப்பதான் மாமா ஐபேடு கம்ப்யூட்டராச்சு" என்கிறான், கையில் வைத்திருப்பதோ சாம்சங் டேப்லெட். அதில் கணினி மாதிரி விண்டோக்களைத் திறக்கிற டெக்ஸ் முறையைப் போட்டுவிட்டு, பாட வீடியோ ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம், அதன்மேல் நண்பர்களின் சாட் ஒரு சின்ன விண்டோ. அந்த மூன்றாவதுதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. விசைப்பலகை, மவுஸ் வைத்து மேசையில் உட்காருகிறவனுக்கு மிதக்கும் விண்டோ சரி. விரலால் தொட்டு மடியில் வைத்துப் பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு அசையாத இரண்டு பாதிகள்தான் சரி. அவன் சொல்வதும் தப்பில்லை, என் குறையும் தப்பில்லை.

போன மாதம் காந்தி ரோட்டில், சிஎம்சி எதிரே, தெரிந்தவருடைய லாட்ஜில் காத்திருந்தேன். கொல்கத்தா பக்கமிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பம் ஒன்று வரவேற்பு மேசையில் நின்றது. மேசைத் தம்பியின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் மேல் பாதியில் மொழிபெயர்ப்புச் செயலி, கீழ்ப் பாதியில் அறைப் பட்டியல். வங்காள மொழியில் அவர்கள் பேச, மேலே தமிழில் எழுத்து ஓட, கீழே அவன் விரல் அறை எண்ணைக் குறித்துக்கொண்டே போனது. அவர்களும் அதே திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். இதற்குப் பெயர் ஸ்பிளிட் ஸ்கிரீன், 2016-லிருந்து ஆண்ட்ராய்டில் இருக்கிறது என்று சொன்னேன். "பேரெல்லாம் தெரியாது சார். மேல அவங்க, கீழ நான்" என்றான்.

அணைக்கட்டு அண்ணன் சில நாளுக்கு முன் மறுபடி கடைக்கு வந்திருந்தார், ஒரு பாதை பாத்தியம், அதாவது வழி நடக்கிற உரிமை விஷயமாக. திரையில் இரண்டு பத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "இதுல எது பழசு, எது புதுசு சார்?" என்று கேட்டார். இடது பக்கம் பழசு என்றேன். ஸ்டூலை இடது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.